ஒரே விளக்குக்கு இரண்டு தடவை ஜிஎஸ்டி

சிங்கப்பூரில் இருந்துகொண்டு வெளிநாட்டு இணையத் தளத்தில் பொருள் வாங்கும்போதே 9 சதவீத ஜிஎஸ்டியை (பொருள் சேவை வரி) பிடித்துக்கொள்கிறார்களே, அப்புறம் பார்சல் இங்கே வந்து சேர்ந்ததும் எதற்கு இன்னொரு 9 சதவீதம்? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பொங்கோல் வட்டாரத்தில் பிடிஓ வீட்டு (முன்பதிவு செய்து வாங்கும் அரசாங்க அடுக்குமாடி வீடு) சாவி கைக்கு வந்ததும், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட மூன்று விளக்குகளை ஒரு வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினேன். ஒன்று 180 சிங்கப்பூர் வெள்ளி. மூன்றும் சேர்த்து 540, விமானத்தில் அனுப்ப 40, ஆக 580. அதற்கு ஜிஎஸ்டி 52.20. எல்லாம் கார்டில் கட்டியாயிற்று.

பார்சல் சிங்கப்பூர் வந்த கையோடு ஒரு குறுஞ்செய்தி. இறக்குமதி ஜிஎஸ்டியையும் கையாளும் கட்டணத்தையும் இந்த இணைப்பில் கட்டுங்கள் என்றது. இப்படி ஒன்று வந்தால் யாருக்கும் முதலில் மோசடி என்றுதான் தோன்றும். இணைப்பைத் தொடாமல், கூரியரின் தளத்துக்கு நானே போய்ப் பார்சல் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நிஜம்தான். நீங்களும் இப்படியே செய்யுங்கள். பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ்களுக்கு 2023 ஜனவரிக் கடைசியிலிருந்து ‘லைக்லி ஸ்கேம்’ (மோசடியாக இருக்கலாம்) என்று முத்திரை விழுகிறது. வாட்ஸ்அப்பில் வருவதற்கு அந்த முத்திரையும் கிடையாது.

கூரியருக்குப் போன் போட்டேன்.

“ஏற்கனவே ஜிஎஸ்டி கட்டிவிட்டேனே?”

“அது கடைக்குக் கட்டியது சார். இது கஸ்டம்ஸுக்கு.”

“கடை வசூலிப்பதும் சிங்கப்பூர் அரசாங்கத்துக்குத்தானே?”

“எங்கள் சிஸ்டத்தில் அப்படி ஒன்றும் காட்டவில்லை சார்.”

மேலே பேசினால் மறுபடியும் அதே சிஸ்டம், அதே சார். பில்லை அனுப்புகிறேன் என்றேன். அனுப்புங்கள், ஆனால் பணம் கட்டினால்தான் பார்சல் நகரும் என்றார். நாலு நாள் அங்கேயே கிடந்தால் கிடங்கு வாடகையும் ஏறும் என்று கூடுதலாக ஒரு தகவல். எலக்ட்ரீஷியனுக்கு நாள் சொல்லியாயிற்று, கிரகப்பிரவேசத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டாயிற்று. வயிற்றெரிச்சலோடு கட்டினேன்.

சிக்கல் எங்கே என்று பிறகு தோண்டிப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். 400 வெள்ளி என்ற வரம்பை இரண்டு பேர் இரண்டு விதமாக அளக்கிறார்கள். சிங்கப்பூர் ஜிஎஸ்டிக்குப் பதிந்த கடை தனித்தனிப் பொருளின் விலையைப் பார்க்கும். ஒவ்வொன்றும் 400-க்குள் இருந்தால், 2023 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, விற்கும்போதே ஜிஎஸ்டி எடுத்துவிடும். சுங்கத்துறையோ ஒரே அனுப்புதலில் வந்த மொத்தத்தையும், சரக்குக் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்துக் கூட்டும். அது 400-ஐத் தாண்டினால் இறக்குமதி ஜிஎஸ்டி. என் விளக்கு ஒவ்வொன்றும் 180 என்பதால் கடையில் மாட்டியது, மொத்தம் 580 என்பதால் விமான நிலையத்திலும் மாட்டியது.

இப்படி ஆகாமல் இருக்க, ‘ஜிஎஸ்டி கட்டியாகிவிட்டது’ என்ற விவரத்தையும் தன் பதிவு எண்ணையும் விற்றவர் கூரியருக்குச் சேர்க்க வேண்டும். அது எங்கேயோ நடுவில் விழுந்துவிட்டது. விழுந்தது யார் கையிலிருந்து என்று இரண்டு தரப்பும் இன்றுவரை சொல்லவில்லை.

இரட்டைப் பிடித்தம் நடந்தால் யாரிடம் போவது? சுங்கத்துறையிடம் இல்லை, கூரியரிடமும் இல்லை, விற்றவரிடம். அவர்தான் தான் வாங்கிய ஜிஎஸ்டியைத் திருப்பித் தர வேண்டும். தளத்தின் சாட்டில் முதலில் வந்த ரோபோ எனக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் கொடுத்துச் சமாதானப்படுத்தப் பார்த்தது. மனிதர் வந்ததும், இறக்குமதி ஜிஎஸ்டி கட்டியதற்குச் சான்றாகச் சுங்க பெர்மிட் (இறக்குமதி அனுமதிச் சீட்டு) நகல் வேண்டும் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் கூரியரில் கேட்டால், பெர்மிட்டெல்லாம் கம்பெனிகளுக்குத்தான் கொடுப்போம், நீங்கள் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். போனில் கேட்பதை நிறுத்திவிட்டு, ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) எண், கட்டிய தேதி, தொகை மூன்றையும் போட்டு, “என் பெயரில் எடுத்த பெர்மிட்டின் நகல் எனக்கு வேண்டும்” என்று ஒரே வரியில் மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது! அதைத் தளத்துக்கு அனுப்பினேன், 52.20 கார்டுக்குத் திரும்பியது. கையாளும் கட்டணம் போனது போனதுதான்.

அடுத்த முறை வாங்கும்போது, ஒவ்வொரு பொருளையும் தனித்தனி அனுப்புதலாகப் போடச் சொல்லிக் கேட்டேன். ஜிஎஸ்டியைத்தான் கடையிலேயே கட்டிவிடுகிறோமே, இதில் ஏய்ப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு விற்பனையாளர் “அன்பளிப்பு என்று எழுதி விலையைக் குறைத்துப் போடட்டுமா?” என்று தானாகவே கேட்டார். வேண்டவே வேண்டாம். அன்பளிப்புக்கு இங்கே தனிச் சலுகை கிடையாது. பொய் விலை பிடிபட்டால் ஏய்த்த தொகையைப் போல 20 மடங்கு வரை அபராதம், சிறையும் உண்டு. சிக்கப்போவது அவர் இல்லை, நாம்.

ஊரிலிருந்து சேலை வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. சிங்கப்பூர் ஜிஎஸ்டிக்குப் பதியாத ஊர்ச் சின்னக் கடை தபாலில் அனுப்பி, மொத்தம் 400-க்குள் இருந்தால் இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி இல்லை.

கடைசியாகப் பிரம்பு விளக்கு ஒன்று. எடை மூன்று கிலோகூட வராது, ஆனால் பெட்டி 60-க்கு 60-க்கு 40 சென்டிமீட்டர். விமானக் கூரியரில் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள், வருவது நிஜ எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். 28.8 கிலோவுக்குக் காசு கேட்டார்கள். காற்றுக்குக் கூலி கொடுக்க மனசு வரவில்லை. சீனாவிலேயே ஒரு ஃபார்வர்டர் (சரக்கை வாங்கி மேலே அனுப்பிவைக்கும் நிறுவனம்) கிடங்குக்கு அனுப்பச் சொல்லி, அங்கிருந்து கப்பலில் ஏற்றிவிட்டேன். கப்பலில் வருவதற்கு 400 வெள்ளிச் சலுகை கிடையாது, முதல் வெள்ளியிலிருந்தே ஜிஎஸ்டி. சரி, அதைக் கட்டியாயிற்று. ஒரே தடவை.