தங்கைக்கு ஸ்டெம் செல் கொடுத்த கதை

தங்கையின் லுக்கீமியாவுக்கு, அதாவது இரத்தப் புற்றுநோய்க்கு, கீமோதெரபி மட்டும் போதாது, இன்னொருவருடைய இரத்த ஸ்டெம் செல் (இரத்த அணுக்கள் பிறக்கும் மூலச் செல்) வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்குத் திசு வகை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். அக்காவுக்குப் பொருந்தவில்லை, எனக்குப் பொருந்தியது. டர்பன் சாட்ஸ்வர்த்தில் உள்ள வீட்டில் அன்று அம்மா விளக்கேற்றி, மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

எனக்கும் பொருந்தாமல் போயிருந்தால் 1991இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க எலும்பு மஜ்ஜைப் பதிவேட்டில் தேடியிருப்பார்கள். திசு வகை வம்சாவளியோடு வருவது. 1860இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நம்மவர்களிடம்தான் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம். டர்பனில் இருப்பவர்கள் தயவுசெய்து பெயரைப் பதிந்து வையுங்கள்.

சரி, என் பங்குக்கு வருகிறேன். முதல் நாலு நாளும் வயிற்றுத் தோலில் ஃபில்கிராஸ்டிம் ஊசி. மஜ்ஜைக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களை இரத்தத்துக்குள் இறக்கிவிடுவது அதன் வேலை. இரண்டாம் நாள் இரவு இடுப்பு விண்விண் என்று வலித்தது. அப்புறம் நெஞ்செலும்பு, முதுகு. பயந்துபோய் நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். பெரியவர்களுக்கு இரத்தம் ஊறுவது முக்கியமாக இந்த எலும்புகளில்தான், அதனால்தான் அங்கே வலிக்கிறது என்றார். அதைக் கேட்ட பிறகு வலியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. வலி மாத்திரையும் உதவியது. ஐந்தாம் நாள் காலை என் வெள்ளையணு எண்ணிக்கை 6,000இலிருந்து 41,000 ஆகியிருந்தது.

அன்றைக்குக் கட்டிலில் ஐந்து மணி நேரம். ஒரு கையிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குப் போய்ச் சுழல்கிறது. கனமான சிவப்பணுக்கள் ஒரு பக்கம் ஒதுங்க, மஞ்சள் பிளாஸ்மா இன்னொரு பக்கம் நிற்கிறது. நடுவில் மெல்லிய படலமாக வெள்ளையணுவும் பிளேட்லெட்டும். ஸ்டெம் செல்களும் அந்தப் படலத்தில்தான் இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறு கை வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடு மரத்துப்போனது. கால்சியம் கொடுத்ததும் சரியானது. கடைசியில் கையில் காட்டிய பை, கெட்டித் தக்காளி ரசத்தின் நிறத்தில் இருந்தது. அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டேன்.

அது தங்கைக்குச் சாதாரண இரத்தம் ஏற்றுவது போலத்தான் ஏறியது. எலும்பைத் துளைக்கவில்லை. அந்தச் செல்கள் இரத்தக் குழாய் வழியே சுற்றித் தாங்களாகவே மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம்! சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றுமே அவற்றிலிருந்துதான் பிறக்கின்றன.

பிறகு காத்திருப்பு. தனியறையில் தங்கை, கண்ணாடிக்கு வெளியே நாங்கள். முதல் வாரம் முழுக்க அவளுடைய வெள்ளையணு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஊசியின் வலியைவிட அந்த வாரம்தான் எனக்குக் கொடுமை. பதினைந்தாம் நாள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை 500ஐத் தாண்டியது. பிளேட்லெட் ஏற இன்னும் ஒரு வாரம் பிடித்தது.

சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். பழையவை தீரத் தீர என் செல்களிலிருந்து பிறந்தவை அந்த இடத்துக்கு வந்தன. பி பாசிட்டிவாக இருந்த தங்கைக்குச் சில மாதம் கழித்து வந்த பரிசோதனைத் தாளில் ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. "அண்ணா, இங்க பாரு, உன் குரூப்" என்று அதை என் கையில் கொடுத்தாள்.