வந்தியத்தேவன் பெருந்துறையில மாட்டுவானா?

பனியன் கம்பெனி ஷிப்ட் முடிஞ்ச அலுப்புக்கு, பிடிச்ச கதாபாத்திரங்களைப் பத்திப் பேசறது நல்ல மருந்துங்க. அஞ்சாறு பேர் போதும். பத்தைத் தாண்டினா ரெண்டு பேர்தான் பேசுவாங்க, மத்தவங்க செல்போனை நோண்டுவாங்க.

'யார் பெரிய ஆளு?'ன்னு ஆரம்பிச்சா சண்டைதான். 'பொன்னியின் செல்வன் நாவல்ல வர்ற வந்தியத்தேவன்கிட்ட ரகசிய ஓலை குடுத்து கோயமுத்தூர்லிருந்து ஈரோட்டுக்கு அனுப்பினா எங்க மாட்டுவான்?'னு கேளுங்க. அவிநாசியா, பெருந்துறையான்னு ஆளாளுக்குக் கிளம்பிடுவாங்க. அவன் வாய்க்கொழுப்புக்கு அவிநாசியைத் தாண்டறதே சிரமம்!

யார் அந்த நாவலை எத்தனாவது பாகம் வரைக்கும் படிச்சிருக்காங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. இல்லைன்னா யாராவது முடிவை உளறிடுவாங்க. 2022, 2023-ல வந்த படங்களை மட்டும் பார்த்தவங்ககிட்ட நாவல்ல வர்ற மணிமேகலையைப் பத்திப் பேசினா முழிப்பாங்க, படத்துல அவளே கிடையாது.

கொங்கு நாட்டுக் கதை நாயகர்கள் பொன்னர் சங்கரை இழுத்தா மட்டும் கிண்டல் வேண்டாமுங்க. இங்க பலருக்கு அவங்க சாமி.