இரண்டு கமாவுக்கு நடுவே

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கொழுந்து எடைக் கணக்கில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

கீழ் கோத்தகிரி,48.5,,4

ஊர், எடை கிலோவில், ஈரக் கழிவு (இலை ஈரத்துக்காக எடையில் கழிக்கும் கிலோ), மூட்டை. அன்று வெயில், இலையில் ஈரமில்லை, அதனால் மூன்றாவது இடம் காலி. நிரல் எழுதும்போது சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரை, துண்டுகளாகப் பிரிக்கும் வேலையில் வரும் தொல்லைகளில் பாதி இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

இடைவெளி பார்த்து வெட்டினால் ஊர்ப் பெயரே இரண்டாகப் போகும். சரி, கமா பார்த்து வெட்டலாம். சி நிரல் மொழியில் சரத்தை வெட்டும் செயற்கூறான ஸ்டர்டாக் (strtok) அடுத்தடுத்து வரும் கமாக்களை ஒன்றாகவே எண்ணும். நான்கு துண்டு வரவேண்டிய இடத்தில் மூன்றுதான் வரும். மூட்டைக்கான 4 நகர்ந்து கழிவின் இடத்தில் உட்காரும். 48.5 கிலோ கொடுத்தவருக்கு 44.5 கிலோவுக்குத்தான் பணம். துண்டுகளை எண்ணிப் பார்க்காத நிரலாக இருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் நின்றுபோனால்கூடத் தேவலை.

ஸ்டர்டாக்கில் இன்னும் இரண்டு வம்பு. வெட்டும் இடத்தில் மூலச் சரத்தின் மேலேயே, சரம் முடிந்தது என்று காட்டும் சுழியக் குறியை எழுதிவிடும். தப்பான வரியைப் பிறகு அப்படியே அச்சிட்டுப் பார்க்க முடியாது. எதுவரை வெட்டினோம் என்பதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வதால், நடுவில் ஊர்ப் பெயரைப் பிரிக்க அதையே மறுபடி அழைத்தால் வெளிச் சுற்று வழி தவறும். இந்த இரண்டாவதற்கு மட்டும் அதன் மாற்று வடிவமான ஸ்டர்டாக்_ஆர் (strtok_r) மருந்து. காலி இடமும் வேண்டும் என்றால் லினக்ஸில் ஸ்டர்செப் (strsep) என்ற செயற்கூறு இருக்கிறது.

ஜாவா மொழியில் இதே வேலையைச் செய்யும் ஸ்பிளிட் (split) நடுவில் உள்ள காலியை விடாது, கடைசியில் உள்ளதை உதிர்த்துவிடும். கழிவும் மூட்டையும் காலியாக இருந்தால் இரண்டே துண்டு. அதற்குக் கொடுக்கும் இரண்டாவது மதிப்பாக (அளபுருவாக) −1 கொடுத்தால் நான்கும் வரும். அங்கே பிரிப்பான் ஒரு ரெகெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் குறியீடு) என்பதையும் மறக்கக் கூடாது. புள்ளிக்கு அதில் 'எந்த எழுத்தும்' என்று பொருள், அதை அப்படியே கொடுத்தால் துண்டே மிஞ்சாது.

பைத்தான் மொழியில் கமா கொடுத்துப் பிரித்தால் காலி இடம் காலியாகவே நிற்கும். எதுவும் கொடுக்காமல் விட்டால் இடைவெளி, டேப், வரி முறிவு எல்லாம் கூட்டாக விழுங்கப்படும். வெற்று வரியைக் கமாவால் பிரித்தால் ஒரு வெற்றுத் துண்டு, ஒன்றும் கொடுக்காமல் பிரித்தால் சுழியம் துண்டு. எக்செலிலிருந்து மேற்கோளுக்குள் "1,248.5" என்று வரும் எடைக்கு இது எதுவும் உதவாது, அங்கே கமா இட்ட கோப்புகளைப் படிப்பதற்கென்றே உள்ள சிஎஸ்வி (csv) தொகுதிதான் சரி.

தமிழ் வேறு கதை. பைத்தானின் ரெகெக்ஸ் தேடலுக்கான ரீ (re) தொகுதியில் \w+ (தொடர்ந்து வரும் எழுத்துகள்) போட்டுச் சொற்களைத் தேடினால் 'கோத்தகிரி' க, த, தக, ர என்று நான்காக உடையும். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. கண்ணுக்கு ஐந்து எழுத்தான அந்தப் பெயர் ஒன்பது குறிப்புள்ளி (யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் உள்ள எண்) நீளம். தனியாக நிறுவும் ரெகெக்ஸ் (regex) என்ற தொகுதி இதைச் சரியாகப் பிடிக்கும். இன்னொன்று: 'கோ'வின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் வரலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. ஒரே ஊருக்கு இரண்டு மொத்தம் விழும். பிரிப்பதற்கு முன்பே, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோட் வடிவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ஆடி மழையில் எழுதிச் சோதித்த நிரல் தை மாதம் உதைப்பதும் இந்தக் காலி இடத்தால்தான். மழையில் அநேகமாக எல்லா வரியிலும் கழிவு இருக்கும், காலி இடமே கண்ணில் படாது. சோதனைக் கோப்பில் ஈரமான வரி ஒன்று, வெயில் வரி ஒன்று, கடைசி இடம் காலியான வரி, மேற்கோளுக்குள் கமா உள்ள வரி, வெற்று வரி என்று குறைந்தது ஐந்து வரி இருக்கட்டும். துண்டு நான்காக இல்லாத வரியை வரி எண்ணோடு தனிக் கோப்பில் ஒதுக்கி, எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.