நியூரோபிளாஸ்டோமா: எம்.ஆர்.ஐ.யில் நாங்கள் எதைத் தேடுகிறோம்

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "கட்டி எத்தனை சென்டிமீட்டர் டாக்டர்?" கேட்பது நியாயம்தான். ஆனால் குழந்தைகளின் ஸ்கேன் படிப்பதே வேலையாக இருக்கிற எனக்கு, அளவைவிடப் பெரிய கவலை அந்தக் கட்டி எதைப் பிடித்திருக்கிறது, எங்கே நுழைந்திருக்கிறது என்பது. ஓ.பி. நெரிசலில் இதை நிதானமாகச் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நியூரோபிளாஸ்டோமா குழந்தைகளுக்கு வரும் ஒரு புற்றுநோய்க் கட்டி, கருவில் நரம்பு செல்லாக முதிர வேண்டியவை முதிராமல் பெருகுவதால் வருவது. அதிகம் வருவது ஐந்து வயதுக்குக் கீழே. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில்தான் அடிக்கடி தொடங்கும், இல்லையென்றால் கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பை ஒட்டி எங்கே வேண்டுமானாலும்.

இதன் குணம் என்னவென்றால், வில்ம்ஸ் என்கிற சிறுநீரகக் கட்டி பெரும்பாலும் ரத்தக்குழாய்களைத் தள்ளிவிட்டு வளரும், இதுவோ பழைய சுவரை அரச மரத்து வேர் வளைப்பதுபோல பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் வளைத்துக்கொண்டு வளரும். ஒரு தமனியின் சுற்றளவில் பாதிக்கு மேல் கட்டி சூழ்ந்திருந்தால் அதை நாங்கள் தனியாகக் குறிப்போம். 2009இல் வெளியான சர்வதேச நிலைப் பகுப்பு முறை இந்த மாதிரி ஆபத்துக் குறிகளை வைத்துத்தான் நிற்கிறது, அதுவும் அறுவைக்கு முன்பே, படத்தைப் பார்த்தே. ஓரிடத்துக் கட்டியில் குறி ஒன்றுகூட இல்லையென்றால் எல்1, ஒன்றே ஒன்று இருந்தாலும் எல்2. தூரத்துக்குப் பரவியிருந்தால் எம். பதினெட்டு மாதத்துக்குக் கீழான குழந்தைக்குத் தோல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று மட்டும் பரவியிருந்தால் எம்.எஸ்., அதில் பல குழந்தைகளுக்குக் கட்டி தானாகவே சுருங்கிவிடும் என்பது இந்த நோயின் பெரிய ஆச்சரியம். ஆக, பெரிய கட்டி எல்1 ஆக இருக்கலாம், சின்னக் கட்டி எல்2 ஆக இருக்கலாம். உடனே அறுவையா, முதலில் கீமோவா என்கிற பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எம்.ஆர்.ஐ.க்கு ஈடே இல்லாத இடம் முதுகெலும்பு. நரம்பு வெளியே வரும் துளை வழியாகக் கட்டி உள்ளே புகுந்து தண்டுவடத்தை அழுத்தும், சி.டி.யில் இது தெளிவாகத் தெரியாமல் போகலாம். தண்டுவடம் போகும் கால்வாயின் குறுக்குவெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டி அடைத்திருந்தாலோ, தண்டுவடத்தின் நிறமே படத்தில் மாறியிருந்தாலோ அதுவும் ஆபத்துக் குறி. நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை நடக்க மாட்டேன், தூக்கு என்று அழுதால், கால் தள்ளாடினால், சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால், தயவுசெய்து சத்துக் குறைவு, பிடிவாதம் என்று வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். தண்டுவட அழுத்தத்தில் ஒவ்வொரு நாளும் முக்கியம், எம்.ஆர்.ஐ. அன்றைக்கே எடுக்க வேண்டியது.

மயக்க மருந்து பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. மெஷின் சத்தம் அதிகம், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை அசையாமல் கிடக்கணும், இரண்டு வயதுக் குழந்தையால் அது முடியாது. சில மாதக் குழந்தையென்றால் பால் கொடுத்து, துணியில் நன்றாகச் சுற்றித் தூங்க வைத்தே பல நேரம் எடுத்துவிடலாம். மற்றவர்களுக்கு மயக்க மருந்து நிபுணர் கூடவே இருந்து பார்த்துக்கொள்வார். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது என்பதை யோசித்துப் பாருங்கள், இந்தக் குழந்தைகளுக்கு வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.

எம்.ஆர்.ஐ. மட்டும் போதுமா என்றால், போதாது. கட்டியில் படிந்த சுண்ணாம்பு சி.டி.யில்தான் நன்றாகத் தெரியும். உடம்பு முழுக்கப் பரவலைத் தேட எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன் வேண்டும், கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி அது எங்கே சேர்கிறது என்று பார்ப்பது இது, பத்தில் ஒன்பது கட்டிகள் அந்த மருந்தை உறிஞ்சும். மஜ்ஜைக்கு ஊசிப் பரிசோதனைதான். கீமோ முடிந்த பிறகு படத்தில் மிச்சம் ஏதாவது தெரிந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம், அது முதிர்ந்து அடங்கிப்போன திசுவாகவும் இருக்கலாம், எம்.ஐ.பி.ஜி.யோடு சேர்த்துத்தான் அதைப் படிப்போம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிறுத்தாமல் பழைய படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு தமனி முன்பு எவ்வளவு சூழப்பட்டிருந்தது, இப்போது எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்பதைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.