காரில் ஹாம் ரேடியோ பொருத்திய ஞாயிறு

ஒரு வழியாகக் காரில் 50 வாட் விஹெச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) ஹாம் ரேடியோ செட்டை, அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் கருவியை, மாட்டிவிட்டேன். முதலில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தே கரண்ட் எடுத்துப் பார்த்தேன், கேட்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை, பேசுவதற்கு மைக் பட்டனை அழுத்தினால் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், வோல்டேஜ் இறங்கி செட் அணைந்தே போனது. அதனால் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர். ப்யூஸைத் தயவுசெய்து பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். செட் பக்கம் மட்டும் இருந்தால், நடுவில் எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அந்த ப்யூஸ் காப்பாற்றாது, தீப்பிடிக்கலாம்.

அப்புறம் ஆன்டெனா. நான் பேசும் 145 மெகாஹெர்ட்ஸுக்கு, அலை நீளத்தில் கால் பங்கு அளவிலான ஆன்டெனா நடைமுறையில் சுமார் 49 சென்டிமீட்டர். கூரை நடுவில் வைத்ததும் எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) 1.3. கூரைத் தகடுதான் அந்த ஆன்டெனாவின் மறுபாதி, ஓரத்துக்கு நகர்த்தாதீர்கள்.

இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கி) கீச்சொலி ரேடியோவில் இன்னும் லேசாக வருகிறது. அடுத்த வாரம் வயரில் ஃபெரைட் வளையம் (மின் இரைச்சலைக் குறைக்கும் காந்தப்பொருள் வளையம்) போட்டுப் பார்க்க வேண்டும்.