முனீஸ்வரன் கோவில் தெருவில் ஓர் இழைப்புளி

அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு எழுந்ததும் அத்தை பிள்ளையார்பட்டி என்றார். கயல் கடல் என்றாள். நல்ல சாப்பாடு கிடைக்கும் இடமாக இருந்தால் போதும் என்றார் கணவர். நான் காரைக்குடி என்றேன். கோயிலும் சாப்பாடும் அதற்குள் அடங்கிவிட்டன. கயலுக்கு மட்டும் கடலைக் கோடையில் காட்டுவதாக வாக்குக் கொடுத்தேன். என் மனத்தில் இருந்தது அங்கே பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெரு. அதைப் புறப்படும் நாள்வரை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து ஆண்டுகளாகக் கையால் மரவேலை செய்கிறேன். பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீடு கோவையில் அடுக்குமாடியில் மூன்றாம் தளம். மின்சார ரம்பத்தின் சத்தத்தை அக்கம்பக்கத்தார் பொறுக்க மாட்டார்கள் என்பதால் உளியும் கைரம்பமுமாகத் தொடங்கினேன். இப்போது யாராவது மின்சாரக் கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். இழைக்கும்போது மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உள்ளங்கைக்குத் தெரிகிறதே, அந்த அறிவை நான் வேறு எந்த வேலையிலும் பெற்றதில்லை.

முதல் நாள் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். எல்லோரும் ஆத்தங்குடித் தரையையும் முகப்புத் தூண்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இரண்டாம் கட்டில் ஒரு கதவின் பின்னால் நின்றிருந்தேன். கதவின் முகம் கண்ணாடிபோல் இழைக்கப்பட்டிருந்தது. முதுகுப் பக்கத்தில், சட்டத்தின் மறைவான இடத்தில், வாய்ச்சியால், அதாவது மரம் செதுக்கும் வெட்டுக் கருவியால், செதுக்கிய தழும்புகள் அப்படியே இருந்தன. சிப்பி சிப்பியாக, ஒரே அளவில், ஒரே சாய்வில். கண் படாத இடத்துக்கு, மரத்தை வழவழப்பாக்கும் இழைப்புளி தேவையில்லை என்று அந்த ஆசாரி முடிவு செய்திருக்கிறார். ஆனால் அந்த வாய்ச்சி வெட்டுகளில்கூட ஒன்றும் தடம் மாறவில்லை. கயலின் விரல்களைப் பிடித்து அதன்மேல் தடவிக் காட்டினேன். "அலைபோல இருக்கிறது, அம்மா" என்றாள்.

நகரத்தார் வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரையில் எழுந்தவை. பர்மாவில் கொடுக்கல் வாங்கல், அங்கிருந்து கப்பலில் தேக்கு. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவு அறுந்தது. பின்னர் பங்கு பிரிந்து, பராமரிக்க ஆளின்றி, பிரித்து விற்கப்பட்ட வீடுகள் பல. தூணும் நிலைக்கதவும் மங்குச் சாமான்களும் ரவிவர்மா அச்சுப் படங்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தது அப்படித்தான். அந்தத் தேக்கையெல்லாம் அறுத்து, இழைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகும் கழுந்தும் துளையும் வெட்டிச் சேர்த்த கருவிகள் எங்கே போயின? அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் காலை முனீஸ்வரன் கோவில் தெருவுக்குள் நுழைந்தேன்.

முதல் கடையில் மனம் நொந்துவிட்டது. ஏழெட்டு உளிகளை வார்னிஷ் பூசி, பலகையில் ஆணியடித்து, சுவரில் மாட்டும் அலங்காரமாக வைத்திருந்தார்கள். துருவை நீக்க மின் சாணைச் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். முனைகளில் நீலம் பாய்ந்திருந்தது. எஃகில் அந்த நீல நிறம் தெரிந்தால் வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, உளிக்குரிய பதம், அதாவது கடினத்தன்மை, இறங்கிவிட்டது என்று பொருள். நீலம் ஓடிய பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால்தான் மறுபடி கூர் நிற்கும். துரு பிடித்த உளியை மீட்கலாம். பளபளப்பாக்கிய உளியை மீட்பது கடினம். பழைய கருவி தேடுகிறவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கடையில் ஸ்டான்லி நிறுவனத்தின் ஐந்தாம் எண் இழைப்புளி ஒன்று இருந்தது. இரும்பு உடல், 14 அங்குலம். வெட்டும் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வார்ப்பில் மூன்று காப்புரிமைத் தேதிகள்: 1902-க்கு இரண்டு, 1910-க்கு ஒன்று. மூன்றும் சேர்ந்து வந்தால் அது 1910-க்கும் 1918-க்கும் இடையில் செய்தது. கை நடுங்கியது. ஆனால் விரல் முட்டியால் தட்டியபோது ஓசை மணியாக வரவில்லை, ஓட்டைப் பானைபோல் வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தகடு வெளியே எட்டிப் பார்க்கும் வாயின் ஓரத்திலிருந்து பக்கச் சுவரில் மயிரிழை விரிசல். வார்ப்பிரும்பு வளையாது, கீழே விழுந்தால் உடையும். 6,500 ரூபாய் சொன்னார்கள். திருப்பி வைத்துவிட்டேன்.

மூன்றாவது கடை சிறியது. வாசலில் உரல்கள், உள்ளே இருட்டு. பெரியவர் என் கணவரைப் பார்த்து, "வாங்க சார், என்ன தேடுகிறீர்கள்?" என்றார். "எனக்கில்லை, அவர்களுக்கு" என்று கணவர் ஒதுங்கிக்கொண்டார். "ஆசாரி சாமான் ஏதாவது இருக்கிறதா, ஐயா? வேலை செய்கிற நிலையில்" என்றேன். பெரியவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கயலிடம், "ஆத்தா, அந்த மூலையில் சாக்கு இருக்கிறது பார், இழுத்து வா" என்றார்.

சாக்கில் என்னவெல்லாமோ இருந்தன. பிடியில்லாத நகவுளிகள், பல் போன அரங்கள், தலை பிளந்த கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியல், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் ஒன்று. மூலைமட்டத்தைப் பலகையில் வைத்துக் கோடு இழுத்து, புரட்டிப் போட்டு மறுபடி இழுத்தேன். இரண்டு கோடும் சேரவில்லை, கோணம் தவறியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது. ஒன்றே முக்கால் அடி நீளத்தில் கறுத்த மரக்கட்டை, நடுவில் ஆப்பு இறுகிய தகடு. கையில் எடுத்தபோதே கனம் தெரிந்தது. கருங்காலி என்றார் பெரியவர். கருவேலம் என்று ஊர் திரும்பியதும் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் சொன்னார். கருவிப் பிடிக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நம்மவர்கள் நம்பிய மரம்.

அடியைத் திருப்பினேன். வாய் தேய்ந்து அகன்றபோது அதன் முன்னால் சிறு மரத்துண்டைப் பதித்து மறுபடி குறுக்கியிருந்தார்கள். பின்புறம் முழுக்கச் சுத்தியல் தழும்பு. தகட்டைத் தளர்த்த அங்கேதான் தட்டுவார்கள். இடப்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்குக் குழி. யாரும் வெட்டியதல்ல. ஒரே கை, ஒரே இடத்தில், எத்தனையோ ஆண்டுகள் பிடித்துத் தேய்ந்த குழி. என் கட்டைவிரல் அதில் சரியாக உட்கார்ந்தது. அப்போதே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். விலை கேட்கும் முன்பே முகத்தில் அது தெரிந்திருக்கும்.

ஆப்பைத் தளர்த்தித் தகட்டை உருவினேன். மேலே மெல்லியதாகவும் வெட்டுமுனையில் தடித்தும் இருந்தது. பழைய தகடுகளின் அடையாளம் அது. துருவுக்கு அடியில் எழுத்துகள். செய்தவர் பெயர் அழிந்துவிட்டது. 'காஸ்ட் ஸ்டீல்', அதன் கீழே 'ஷெஃபீல்டு' என்று மட்டும் படிக்க முடிந்தது. ஊர்க் கட்டையில் இங்கிலாந்துத் தகடு.

காஸ்ட் ஸ்டீல் என்றதும் வார்ப்பிரும்பு என்று நினைத்துவிட வேண்டாம். மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில், உருக்கி வார்த்த எஃகு அது. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் நல்ல வில்சுருளுக்காக 1740-களில் அந்த முறையைக் கண்டு, ஷெஃபீல்டின் தொழிலாக்கினார். மூசையில் எஃகு செய்வதைத் தென்னிந்தியா அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அறிந்திருந்தது. 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த நம் எஃகை மைக்கேல் ஃபாரடேகூட 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார். காந்தப் புலம் நடத்தும்போது ஃபாரடேயின் பெயரைச் சொல்லும் நான், இதையும் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. எஃகுக்கு உருக்கு என்ற சொல்லைக் கையில் வைத்திருக்கும் மொழி நம்முடையது.

பெரியவர் 1,800 சொன்னார், 1,400-க்குக் கொடுத்தார். இன்னும் குறைத்திருக்கலாம் என்றார் கணவர். எனக்கு அதற்குமேல் பேரம் பேச மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கட்டையின் முன்பக்கத்தில், குறுக்கே ஊடுருவி ஒரு துளை. கயிறு கட்டி மாட்டிவைக்க என்றார் பெரியவர். மாட்டிவைக்க ஏன் விரல் பருமனில் துளை? விடுதிக்கு வந்து கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார்பட்டியில் காலையெல்லாம் நின்ற களைப்பில் படுத்திருந்த அத்தை எழுந்து உட்கார்ந்தார்.

"இது குச்சி போடுகிற ஓட்டை" என்றார். அவருக்கு ஒன்பது வயதில் காங்கேயம் பக்கத்தில் அவர்கள் வீடு கட்டினார்களாம். ஆசாரி பின்னாலிருந்து தள்ள, முன்னால் துளையில் செருகிய குச்சியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க ஓர் ஆள் வேண்டும். "என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு நாளைக்கு ஒரு கை கடலை. சுருள் மேலே வந்து மூஞ்சியில் படும்." கட்டையைத் தன் மடியில் வாங்கி, துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பதினான்கு ஆண்டுகளாக மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இதை அவர் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும் தகட்டைப் புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவைத்தேன். காலையில் துரு கறுப்பாகக் கரைந்து வந்தது. உடனே கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும், இல்லையென்றால் கண்ணெதிரிலேயே புதுத்துரு ஏறும். தீட்டுக்கல்லில் இரண்டு மாலை. சரிவுப் பக்கத்தில் மெல்ல ஒரு கோடு தெரிந்தது: மேலே மங்கலாகத் தேனிரும்பு, கீழே வெள்ளிபோல் எஃகு. இரண்டையும் உலையில் ஒட்டவைத்த இடம். எஃகு இன்னும் இரண்டு அங்குலம் மீதம் இருக்கிறது.

ஞாயிறு காலை பால்கனியில் ஒரு பழைய தேக்குச் சட்டத்தைப் பலகையில் இறுக்கினேன். அத்தை கொய்யாக் குச்சி ஒன்றைச் சீவித் துளைக்குள் செருகினார். கயலை எதிரில் நிற்கவைத்து, "முழங்கையை மடக்காதே, உடம்போடு பின்னால் போ" என்றார். முதல் இரண்டு முறை தகடு திக்கியது. ஆப்பை ஒரு தட்டுத் தட்டினேன். மூன்றாவது முறை நான் தள்ள, அவள் இழுக்க, சட்டம் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஒரே சுருள் எழுந்து கயலின் கன்னத்தில் பட்டது. அத்தை உள்ளே போய்க் கடலை டப்பாவை எடுத்துவந்தார்.