ஏசி வாங்கும் முன் மொட்டை மாடியைப் பாருங்கள்

இரண்டு வருடம் முன்பு சித்திரையில் ஒரு ராத்திரி, மணி பத்தரை இருக்கும், கட்டில்மேல் ஏறி நின்று கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அடுப்பு அணைத்தும் ஆறாத தோசைக்கல் மாதிரி இருந்தது. பொழுது சாய்ந்து நாலு மணி நேரம் ஆகியும் அந்தச் சூடு! ஈரோட்டு வெயிலைப் பகல் முழுக்கக் குடிக்கிற கான்கிரீட், ராத்திரி அதை அப்படியே நம் தலைமேல் இறக்குகிறது, ஃபேனும் அந்தச் சூட்டையே கலக்கிக்கொண்டிருக்கிறது. அப்பாரு (தாத்தா) காலத்து, நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகவே அனல் வெளியேறிவிடும், வாசலில் கட்டில் போட்டும் படுக்கலாம்.

நான் ஏசிக்குத் தவணை விசாரித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான், "ஏங்கண்ணு, மேல அடுப்ப எரியவிட்டுட்டுக் கீழ மெசின் போட்டாக் கட்டுப்படியாகுமா? சுண்ணாம்பு அடிச்சுப் பாரு" என்றார்.

அடித்தேன். முதல் தடவை பாசியைச் சுரண்டாமல், காய்ந்த தரையில் மத்தியான வெயிலில் அடித்ததால் பத்தே நாளில் காலில் மாவாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சுண்ணாம்பு ஈரத்தோடு மெதுவாகக் காய்ந்தால்தான் இறுகும். அப்புறம் ஒரு கொத்தனார் அண்ணன் சொன்னபடி, மாடியைத் தேய்த்துக் கழுவி, விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, முந்தின நாளே நீர்த்து வடிகட்டி வைத்த சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக மூன்று கை அடித்தேன். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அன்று ராத்திரி மறுபடி கட்டில்மேல் ஏறித் தொட்டுப் பார்த்தேன், கை வைத்தால் வைத்தபடி இருக்க முடிந்தது.

அடுத்தது மேற்குச் சுவர். ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகுதான் தடுக்கிறோம். வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டினோம், எங்கள் தோப்புக் கீற்று என்பதால் முடைகிற கூலியோடு சரி.

ஃபேனுக்கு மட்டும் காசு செலவழித்தேன். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் கம்மியாக இழுக்கிற புது மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம், எங்கள் வீட்டில் மூன்று. நம் கரண்ட் பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடுகிறது, அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்க இதுவே பெரிய உதவி.

மார்கழிக் குளிருக்குக் கீசரும் வாங்கவில்லை. புடக்காளி (கொல்லைப்புற) அடுப்பில் தேங்காய்த் தொட்டி (சிரட்டை) போட்டால் எல்லாருக்கும் வெந்நீர் ஆகிவிடுகிறது.

ஏசியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு மூச்சிரைப்பு, போன வருடம் அவர் அறைக்கு மட்டும் ஒன்று மாட்டினோம். 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும், ஒரு டிகிரி ஏற்றினாலே ஆறு சதவீதம் போல மின்சாரம் மிச்சமாகும். மாடி வெள்ளையாக இருப்பதால் அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது.

ஐப்பசி மழையில் சுண்ணாம்பு பாதி கரைந்துவிடும். மாசியில் மறுபடி அடிக்க வேண்டும், மூட்டை வாங்கி வைத்தாயிற்று. மிஞ்சினால் கட்டுத்தரைத் தகரத்துக்கும் ஒரு கை அடிக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா, மாடும் பாவம் வெயிலில் இரைக்கிறது.